காட்டுக் கலகமும் கைக்கடிகாரமும்

2025-ஆம் வருஷத்தில் மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வந்த செய்திகள், நமது தேசத்தில் கிராமப்புறத்து ஆயுதக் கலகத்தின் நீண்ட சரித்திரம் ஒரு முக்கியமான திருப்பத்தை அடைந்துவிட்டதைக் காட்டின. அவ்வருஷம் மே மாதம் 21-ந் தேதி, சத்தீஸ்கர் ராஜ்யத்து நாராயண்பூர் ஜில்லாவில் நடந்த மோதலில் 27 பேர் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்ட் கட்சியின் பொதுக் காரியதரிசி நம்பால கேசவராவ் என்னும் பசவராஜு அவர்களுள் ஒருவர். அக்டோபர் மாதத்தில் அக்கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான மல்லோஜுல வேணுகோபால ராவ், தம்மைச் சேர்ந்த சுமார் 60 பேருடன் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைந்தார். நவம்பர் 18-ந் தேதி மாட்வி ஹிட்மா ஆந்திர தேசத்து மாரேடுமில்லிக் காட்டில் சுடப்பட்டு இறந்தார். இக்கலகத்தை 2026 மார்ச் 31-ந் தேதிக்குள் அடியோடு ஒழிப்போமென்று உள்துறை மந்திரி ஸ்ரீ அமித் ஷா 2024-ஆம் வருஷத்திலேயே கெடு வைத்திருந்தார். கலகம் பாதித்த ஜில்லாக்கள் 2018 ஏப்ரலில் 90 என்றும், 2024 ஏப்ரலில் 38 என்றும், 2025 அக்டோபரில் 11 என்றும் சர்க்கார் கணக்குக் காட்டினார்கள்.

இதே காலத்தில் நமது நகரங்களில் வேறொரு மாறுதலும் நிகழ்ந்து வந்தது. மனிதன் சட்டைப்பையில் வைத்திருந்த யந்திரம் அவனுடைய உடம்பின்மேல் ஏறிக்கொண்டது. நடையை எண்ணும் கைக்கடிகாரம், நாடித் துடிப்பைக் குறிக்கும் பட்டை, இருக்குமிடத்தை ஓயாமல் தெரிவிக்கும் வளையம் ஆகியவை சாதாரணமாகிவிட்டன. சந்தை நிலவரத்தை ஆராயும் ஐ.டி.சி. என்ற ஸ்தாபனத்தின் கணக்குப்படி, காதில் மாட்டுவனவற்றையும் சேர்த்து 2023-ஆம் வருஷத்தில் மட்டும் இவ்வித சாதனங்கள் 13 கோடிக்கு மேல் இந்தியக் கடைகளுக்கு அனுப்பப்பட்டன.

இவ்விரண்டு விஷயங்களுக்கும் என்ன சம்பந்தமென்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். கலகத்தின் வேரும், புதுக் கருவியின் அபாயமும் ஒரே கேள்வியில் வந்து கூடுகின்றன. ஏழையின் பேரைச் சர்க்கார் எந்தப் புஸ்தகத்தில் எழுதுகிறார்கள்? உரிமையுடையவர்களின் ஜாபிதாவிலா, சந்தேகத்துக்குரியவர்களின் ஜாபிதாவிலா? இக்கேள்விக்கு நேரான விடை கிடைக்கும்வரை, காட்டில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தாலும் அதை நிலையான சாந்தியென்று நம்மால் கொண்டாட முடியாது.

ஹிட்மா மாண்ட இடத்தைச் சற்று கவனிக்க வேண்டும். அப்போது அது அல்லூரி சீதாராம ராஜுவின் பெயர் தாங்கிய ஜில்லாவில் இருந்தது. சென்னை மாகாணத்தின் ஏஜென்சிப் பிரதேசமாக இருந்த அந்த மலைகளில், 1882-ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டம் ஆதிவாசிகளின் போடு சாகுபடிக்குத் தடை போட்டது. காட்டிலாகாவின் கெடுபிடியும் கூலியில்லா வேலையும் சேர்ந்து அம்மக்களை வாட்டின. 1922-ல் அவர்களைத் திரட்டிப் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கிய ராஜு, 1924 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவரைத் தேச வீரரென்று போற்றுகிறோம். அவருடைய பெயரை ஜில்லாவுக்குச் சூட்டிய சுதந்திர இந்தியா, அவர் எழுப்பிய வழக்கை முழுவதும் தீர்த்துவிட்டதா?

நம் மாவோயிஸ்டுகளை ராஜுவுக்கு நிகராக வைப்பதாக எவரும் எண்ணவேண்டாம். ராஜு எதிர்த்தது அன்னிய ஆட்சியை. மக்கள் வோட்டளித்து அமைத்த குடியரசை எதிர்த்து ஆயுதமெடுப்பதை நாம் எக்காலத்திலும் ஆதரித்ததில்லை. இனியும் ஆதரிக்க மாட்டோம். 2010 ஏப்ரல் 6-ந் தேதி தந்தேவாடாவில் 76 பாதுகாப்புப் படையினர் கொல்லப்பட்டனர். 2013 மே 25-ந் தேதி ஜீரம் பள்ளத்தாக்கில் அரசியல் கட்சித் தலைவர்களின் வண்டிகளை மறித்துச் சுட்டார்கள். 2017 ஏப்ரலில் புர்காபாலில் 25 ரிசர்வ் போலீஸார் மடிந்தனர். பள்ளிக்கூடக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்ததும், போலீஸுக்குத் துப்புக் கொடுத்தானென்று பழி சுமத்தித் தம் ஆதிவாசிச் சகோதரனையே ஊரார் முன்னிலையில் கொன்றதும் எந்தப் புரட்சி தர்மத்தில் சேர்ந்தவை? சர்க்காரின் கண் ஒருபுறமும் கட்சியின் கண் ஒருபுறமுமாக, கிராமவாசி இரண்டு பக்கத்திலும் சந்தேகத்துக்குரியவனானான். அவனுடைய விடுதலைக்காக என்று தொடங்கிய பலாத்கார இயக்கம் அவனுக்கு இன்னொரு காவல்காரனைத்தான் கொண்டுவந்து சேர்த்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும், கலகம் ஏன் வேர்பிடித்தது என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. தெலங்கானாவில் 1946-ல் மூண்ட போராட்டத்துக்கு மூலகாரணம், நிஜாமின் ஆட்சியில் தேசமுகர்கள் வாங்கிய வெட்டி வேலையும் நிலப்பறிப்புமே. கம்யூனிஸ்டுகள் அப்போராட்டத்தை 1951 அக்டோபரில் நிறுத்திக்கொண்டனர். அதே வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி போச்சம்பள்ளியில் நிலமற்ற ஹரிஜனங்கள் ஆசார்ய விநோபாவிடம் கேட்டது துப்பாக்கியையல்ல, உழுவதற்குக் காணியை. ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுக்க முன்வந்தார். பூதான இயக்கம் பிறந்தது. பூதானம் முழுப் பலன் தராமற் போயிருக்கலாம். ஆயினும் வியாதி எது என்பதை அன்றே அது கண்டு சொல்லிவிட்டது.

1967 மே மாதம் வங்காளத்தின் டார்ஜிலிங் ஜில்லாவிலுள்ள நக்ஸல்பாரியில் நடந்ததும் நிலத்தகராறே. அம்பு பாய்ந்து ஒரு போலீஸ் அதிகாரி இறந்தார். அதைத் தொடர்ந்து 25-ந் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 11 பேர் மாண்டனர். அங்கே மூண்ட தீ ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் வரை பரவிற்று. சாரு மஜும்தார் 1972 ஜூலையில் போலீஸ் காவலில் இறந்தார். இயக்கம் பல துண்டுகளாகச் சிதறிற்று. வங்காளத்தின் வயல்வெளிகளில் அது மறுபடியும் அவ்வளவு எளிதில் தலைதூக்காததற்கு அடக்குமுறை மட்டுமே காரணம் என்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. 1978-ல் அந்த ராஜ்ய சர்க்கார் தொடங்கிய பர்கா திட்டத்தின் கீழ் அதிகாரிகள் கிராமங்களுக்கே சென்றார்கள்; வாரச் சாகுபடிக்காரர்களை உட்காரவைத்து, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு, பெயர்களை எழுதிக்கொண்டார்கள். நாளடைவில் 14 லட்சம் பேர் இவ்விதம் பதிவானார்கள். பேர் பதிந்தவனை நிலக்காரன் நினைத்தபோது வெளியேற்ற முடியவில்லை. அத்திட்டத்தை நடத்திய அதிகாரிகளில் முதன்மையான ஸ்ரீ டி. பந்தோபாத்யாயவே பிற்காலத்தில், கலகப் பிரதேசங்களைப் பற்றித் திட்டக் கமிஷன் நியமித்த நிபுணர் குழுவுக்குத் தலைவராக இருந்தார். நிலம், காடு, இடப்பெயர்ச்சி, அதிகாரிகளின் அவமதிப்பு ஆகியவற்றில் கலகத்தின் காரணத்தைத் தேடவேண்டுமென்று 2008-ல் அக்குழு சர்க்காருக்கு எடுத்துரைத்தது.

பெயரை எழுதுவதில் இவ்விதம் நன்மை உண்டானால், தீமையும் உண்டு. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் மதுரைச் சீமையில் கள்ளர் சமூகத்தாரின் பெயர்களை எழுதினார்கள், கைரேகையையும் பதித்தார்கள். அதனாலேயே ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றழைத்தனர். குற்றம் எதுவும் செய்யாத குடியானவன், ஊரை விட்டு வெளியே போவதானால் ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஜனங்கள் சுடப்பட்டார்கள், பலர் உயிரிழந்தனர். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப் அம்மக்களுக்காக வாதாடினார். சென்னை ராஜதானியில் 1947-லும், தேசம் முழுமையிலும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது.

பர்கா பதிவேட்டுக்கும் ரேகைப் பதிவேட்டுக்கும் காகிதத்திலும் மையிலும் வித்தியாசமில்லை. முன்னதைக் காட்டிக் குடியானவன் உரிமை கேட்கலாம். பின்னதைக் காட்டிப் போலீஸ்காரன் குடியானவனைக் கேள்வி கேட்கலாம். வித்தியாசம் அதுதான். புதிய கருவிகளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டுமென்பதே நாம் சொல்ல விரும்புவது.

உரைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? பணம் படைத்தவன் கைக்கடிகாரத்தைத் தானே வாங்கி, தன் தேகநலத்துக்காக அணிந்து, வேண்டாதபோது கழற்றி வைக்கிறான். நாகபுரி, சண்டிகர் முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையிலும் கடிகாரம் கட்டப்பட்டது. அதை அவர்கள் கேட்கவில்லை. வேலை நேரத்தில் கழற்றவும் கூடாது. தொழிலாளி எங்கே நிற்கிறான், எவ்வளவு நேரம் நின்றான் என்பதை ஜி.பி.எஸ். மூலம் மேலதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். இது அடிமைத்தனமென்று தொழிலாளர்கள் கிளர்ச்சி செய்தனர். அவர்களுக்குக் கையுறையும் காலணியும் கிடைத்தனவா, சம்பளம் உரிய தேதியில் வந்ததா, காண்டிராக்டர் பிடித்த தொகை எவ்வளவு என்பதை அந்தக் கடிகாரம் காட்டாது. நாகபுரி, கட்சிரோலிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலுள்ள நகரம். பிழைப்புத் தேடி நகரம் புகும் காட்டுக்குடியானவனுக்கு, அங்கே காத்திருப்பது எது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

அடுத்த படி காலில் மாட்டும் வளையம். 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸார், பயங்கரவாத வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவரின் கணுக்காலில் ஜி.பி.எஸ். வளையம் பூட்டினார்கள். இந்தியாவில் போலீஸார் இவ்விதம் செய்தது அதுவே முதல் தடவை. அதே வருஷம் மத்திய சர்க்கார் வெளியிட்ட மாதிரிச் சிறைச் சட்டமும், கைதிகள் விடுப்பில் செல்லும்போது இத்தகைய சாதனத்தை அணியச் சம்மதிக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்க இடமளிக்கிறது. காஷ்மீரில் தொடங்கிய முறை காடுகளுக்கு வர அதிக காலம் ஆகாது.

இதை ஆதரிப்பவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதை அலட்சியம் செய்வது நேர்மையாகாது. சிறையில் கிடந்து நலிவதைவிட, வளையத்துடன் வீட்டில் இருப்பது மேலல்லவா என்று கேட்கிறார்கள். புர்காபால் வழக்கை நினைத்தால் இக்கேள்வி நெஞ்சைத் தொடும். அத்தாக்குதலுக்குப் பின் கைதான ஆதிவாசிகளில் 121 பேர், சுமார் ஐந்து வருஷம் சிறையிலிருந்த பிறகு, 2022 ஜூலையில் நிரபராதிகள் என்று விடுதலை செய்யப்பட்டனர். ஐந்து வருஷ விதைப்பும் அறுப்பும் போயின. குடும்பங்கள் கடனில் மூழ்கின. அவர்களுக்கு அன்றே வளையம் பூட்டி ஊருக்கு அனுப்பியிருந்தால் நன்றாயிருந்திருக்காதா?

நமது விடை இது: அவர்களுக்கு வேண்டியிருந்தது விரைவான விசாரணையும் ஜாமீனுமே. நிரபராதியைச் சிறையில் வைப்பது ஓர் அநியாயம். அந்த அநியாயத்தைக் காட்டி, நிரபராதியின் காலில் வளையம் பூட்டுவதை தயவாகக் கருதும்படி கேட்பது இன்னொன்று. சிறைக்குப் பதிலாக என்று வந்த சாதனம், ஜாமீனுக்கு மேல் சுமையாக மாறிவிடுவதற்கு அதிக நாள் பிடிக்காது. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பு இவ்விஷயத்தில் நமக்கு ஆறுதல் தருகிறது. ஜாமீனில் வெளிவந்தவனுடைய நடமாட்டத்தைப் போலீஸார் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்படியான நிபந்தனை, அரசியல் சட்டம் அளிக்கும் அந்தரங்க உரிமைக்கு விரோதமானது என்று அது கூறிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்திருக்கின்றனர். ஆனால் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, தேசப் பாதுகாப்பு, பொது அமைதி என்ற காரணங்களுக்காகத் தன் இலாகாக்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கே கொடுத்துவிட்டது. கலகப் பிரதேசத்துக் குடியானவனைப் பொறுத்தவரை, பூட்டும் சாவியும் ஒரே கையில் இருக்கின்றன.

கருவி அதிகாரிகளுக்கும் நம்பிக்கையான நண்பனல்ல. ஓடுபவர்களின் பாதைகளைச் சேர்த்து ஸ்ட்ராவா என்ற கம்பெனி வெளியிட்ட உலகப் படத்தில், ராணுவச் சிப்பாய்கள் தேகப்பயிற்சிக்காக ஓடிய சுற்றுகள் பளிச்சென்று தெரிந்தன. ரகசியமாக வைத்திருந்த முகாம்கள் பல இவ்விதம் அம்பலமானதை 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் எடுத்துக் காட்டினார். வல்லரசின் சிப்பாயே தன் கையில் கட்டியிருந்த பட்டை யாருக்குச் சேதி சொல்கிறது என்பதை அறியவில்லை. கட்டாயத்தின் பேரில் அணியும் ஆதிவாசிக்கும் தொழிலாளிக்கும் அது எப்படித் தெரியும்?

அப்படியானால் இக்கருவிகளை அடியோடு விலக்குவதா? நமது கட்சி அதுவன்று. யந்திரத்தைப் பகைப்பது அறிவுடைமையாகாது. அணியவேண்டியவர் யார் என்பதை மாற்றவேண்டுமென்கிறோம். 2012 ஜூன் 28-ந் தேதி இரவு, பீஜாப்பூர் ஜில்லாவின் சார்கேகுடாவில் கூடியிருந்த கிராமவாசிகள் மீது பாதுகாப்புப் படையினர் சுட்டதில் 17 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சாட்சியமில்லையென்று நீதிபதி அகர்வால் கமிஷன் 2019-ல் அறிக்கை கொடுத்தது. உண்மை வெளிவர ஏழு வருஷமாயிற்று. படையினரின் மார்பில் ஒரு காமிரா இருந்திருந்தால் ஏழு நாளில் தெரிந்திருக்கும். சுடப்படாமலே வந்த படையினர்மீது பொய்ப் பழி சுமத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் அதே காமிரா விடை கூறும். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனைகளையும் பொருள் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யவேண்டுமென்று கூறுகிறது. இவ்விதியைக் காட்டில் நடக்கும் நடவடிக்கைகளுக்கும் விரிவாக்கி, பதிவுகளைப் போலீஸ் இலாகாவிடமன்றி நீதிமன்றத்தின் பொறுப்பில் வைக்கட்டும். அதிகாரத்தை அணிந்தவன் காமிராவையும் அணிவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கட்சிரோலி ஜில்லாவிலேயே இதற்கு மேலான ஒரு வழியும் கண்டிருக்கிறார்கள். 2006-ஆம் வருஷத்துக் காட்டுரிமைச் சட்டத்தின் கீழ், மேண்டா-லேகா என்ற கோண்டு கிராமம் 2009-ல் தன் காட்டின்மேல் சமூக உரிமை பெற்றது. சுமார் 1,800 ஹெக்டேர் காடு. ஆயினும் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுபோகக் காட்டிலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய மந்திரி ஸ்ரீ ஜெய்ராம் ரமேஷ் அவ்வூருக்கே சென்று, சீட்டு வழங்கும் அதிகாரத்தைக் கிராம சபையினிடம் ஒப்படைக்கச் செய்தார். சீட்டுக்காக நின்ற ஊர், தானே சீட்டு எழுதும் ஊராயிற்று. கலகக்காரர்களின் கோட்டையென்று பேர்பெற்ற ஜில்லாவில், ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் கிடைத்த வெற்றி இது.

ஆகவே சர்க்காருக்கு நாம் சொல்வது சுருக்கமானது. மாவோயிஸ்டுகளின் படை உடைந்ததைச் சாக்காகக் கொண்டு 1996-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தையும் 2006-ஆம் வருஷத்துக் காட்டுரிமைச் சட்டத்தையும் மூலையில் போட்டுவிடலாகாது. அவற்றை நிறைவேற்ற இனி துப்பாக்கிச் சத்தம் இடையூறென்று சாக்குச் சொல்லவும் முடியாது. சுரங்கத்துக்காகக் காட்டைக் கேட்கும் கம்பெனிக்கு முன்பாக, காட்டில் வாழ்பவனுக்குப் பட்டா கொடுங்கள். விசாரணைக் கைதிகளின் வழக்குகளை விரைந்து முடியுங்கள். சரணடைந்தவனை வாக்களித்தபடி நடத்துங்கள். தொழிலாளியின் கையிலும் ஜாமீன் பெற்றவனின் காலிலும் எந்தச் சாதனத்தைப் பூட்டுவதற்கு முன்னும் பாராளுமன்றம் சட்டம் செய்து, அதன் பதிவுகள் யாரிடம், எவ்வளவு காலம் இருக்குமென்பதை வரையறுக்கட்டும்.

அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. பலாத்காரம் தோற்றது என்று மகிழ்வதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. ஜனநாயக முறையில் ஏழையின் வழக்கை எடுத்துப் பேச ஆளில்லாத இடத்தில்தான் துப்பாக்கி பேசத் தொடங்கிற்று. பஸ்தரிலும் கட்சிரோலியிலும் நிலப்பட்டாவுக்காகவும் கூலிக்காகவும் சட்ட ரீதியாக வாதாடும் ஊழியன் ஒவ்வொருவனையும் கலகக்காரன் என்று முத்திரை குத்தினால், அடுத்த தலைமுறை யாரைத் தேடிப் போகும்? தங்கள் பெயர் பட்டாப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று அந்த மக்கள் சொல்லக்கூடிய நாளில்தான் இக்கலகம் முடிந்ததென்று நாம் எழுதுவோம்.